ஆணி அடிப்பவர்கள் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். ரோமுக்கும் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜுக்கும் நடந்த போர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அது தொடர்பான படங்களை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சால்வதோர் ரோசா என்ற இத்தாலிய ஓவியரின் ‘அட்டீலியஸ் ரெகுலஸின் மரணம்’ என்ற எச்சிங் (செம்புத் தகட்டிலிருந்து எடுக்கும் அச்சுப்படம்) கண்ணில் பட்டது. ஒரு மனிதரைப் பீப்பாய்க்குள் அடைத்து, வெளியிலிருந்து ஆணி அடிக்கிறார்கள். சுற்றிலும் பெரிய கூட்டம் நின்று பார்க்கிறது. அதில் இரத்தம் ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நான் பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறேன். மூன்று கேள்விகள் கேட்கத் தோன்றுகிறது. இது உண்மையிலேயே நடந்ததா? இவ்வளவு கொடூரமான ஒன்றை இத்தனை பொறுமையாக உட்கார்ந்து செதுக்கியவர் வதையை ரசிக்கிறவராகத்தானே இருக்க வேண்டும்? காசு கொடுத்து இதை வாங்கியவர்களும் அப்படித்தானே? கடைசியாக, இந்தப் படத்தை என் மாணவர்களுக்குக் காட்டலாமா? இதையெல்லாம் வகுப்புக்குக் கொண்டுபோனால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்கிறார் சக ஆசிரியை ஒருவர்.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

இரத்தம் ஒரு துளிகூட இல்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டியதே அதைத்தான். அதற்கு முன்னால் பீப்பாய்க்குள் இருக்கும் ஆளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மார்க்கஸ் அட்டீலியஸ் ரெகுலஸ், ரோமில் கான்சல் என்ற உச்சப் பதவியில் இருமுறை இருந்தவர். முதல்முறை கி.மு. 267இல். இரண்டாவது முறை கி.மு. 256இல், பதவியில் இருந்தவர் இறந்துபோனதால் அந்த இடத்துக்கு வந்தார். ரோமுக்கும் கார்த்தேஜுக்குமான முதல் போர், அதாவது முதல் பியூனிக் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிசிலித் தகராறில் தொடங்கி கி.மு. 264 முதல் 241 வரை 23 ஆண்டுகள் இழுத்த போர். 256இல் சிசிலியின் தென்கரையில் எக்னோமஸ் அருகே நடந்த கடற்போரில் ரோமானியர் ஜெயித்தார்கள். ரோமிடம் 330 கப்பல்கள், கார்த்தேஜிடம் 350 என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குச் சொல்கிறார். ஜெயித்த சூட்டோடு ஆப்பிரிக்கக் கரையில், இன்றைய துனீசியாவின் கெலிபியாவில் இறங்கினார்கள். அப்புறம் ரோமின் ஆட்சிமன்றமான செனட் படையின் பெரும்பகுதியைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ரெகுலஸ் மட்டும் 40 கப்பல்கள், 15,000 காலாட்கள், 500 குதிரைவீரர்களோடு அங்கேயே தங்கினார்.

தொட்டதெல்லாம் துலங்கியது. துனிஸ் அவர் கைக்கு வந்தது. கார்த்தேஜ் சமாதானம் பேச ஆள் அனுப்பியது. அங்கேதான் மனிதர் கோட்டைவிட்டார். வந்தவர்களிடம் அவர் விதித்த நிபந்தனைகள் அத்தனை கடுமை. அடியோடு தோற்றால்கூட இதைவிடக் கேவலமாக ஒன்றும் ஆகிவிடாது என்று அவர்கள் எழுந்து போனார்கள். பிறகு கார்த்தேஜ் கூலிப்படைக்கு ஆள் சேர்த்தபோது ஸந்திப்பஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரர் வந்துசேர்ந்தார். உங்கள் யானைகளையும் குதிரைகளையும் மேட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள், சமவெளிக்கு இறங்குங்கள் என்றார். கி.மு. 255இல் ஏறத்தாழ 100 யானைகள் ரோமானிய அணிகளுக்குள் புகுந்தன. தப்பியவர்கள் 2,000 பேர் இருந்தால் அதிகம். ரெகுலஸும் அவரோடு 500 பேரும் உயிரோடு பிடிபட்டார்கள்.

பொலிபியஸ் இந்த இடத்தில் கதையை நிறுத்தி நமக்குக் கொஞ்சம் புத்தி சொல்கிறார். நேற்றுவரை இரக்கமே காட்டாத ஒருவர் இன்று தன் உயிருக்காக அதே ஆட்களிடம் கெஞ்ச வேண்டிய நிலைக்கு வந்தார், அதிர்ஷ்டத்தை நம்பாதீர்கள் என்கிறார். அத்தோடு சரி. ரெகுலஸ் அப்புறம் என்ன ஆனார், எப்படிச் செத்தார் என்று ஒரு வரி கிடையாது. நமக்குக் கிடைப்பதில் இந்தப் போரின் மிகப் பழைய முழுமையான வரலாறு அவருடையதுதான். ரோமில் பெரிய இடத்துப் பழக்கம் உள்ளவர், விசாரித்து எழுதுகிறவர். ஆணிப் பீப்பாய் என்று ஒன்று அவர் காதுக்கு நிச்சயமான செய்தியாக எட்டியிருந்தால் விட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ரோமானியர் சொல்லிவந்த கதை வேறு. சில வருஷம் கழித்து, கைதிகளை மாற்றிக்கொள்வது பற்றிப் பேசிவிட்டு வா, காரியம் முடியாவிட்டால் திரும்பி வந்துவிடு என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கார்த்தேஜ் அவரை ரோமுக்கு அனுப்புகிறது. ரெகுலஸ் செனட்டில் எழுந்து, பிடிபட்டவர்களை மீட்காதீர்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள் என்கிறார். பிறகு கொடுத்த வாக்குக்காகத் திரும்பிப் போகிறார், வதைத்துக் கொல்லப்படுகிறார். ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் இதை ஒரு பாட்டில் வைத்திருக்கிறார். மனைவியின் முத்தத்தையும் சின்னப் பிள்ளைகளையும் ஒதுக்கிவிட்டு, வழி மறிக்கும் உறவினரையும் கூட்டத்தையும் விலக்கிக்கொண்டு, கட்சிக்காரர்களின் வழக்கெல்லாம் முடித்து ஊர்ப்பக்கம் ஓய்வுக்குப் போகும் வக்கீல் மாதிரி ரெகுலஸ் கிளம்பிப் போகிறார். எவ்வளவு அழகான இடம்! ஆனால் ஹொரேஸ் அதை எதற்காகச் சொல்கிறார் என்று பாருங்கள். கி.மு. 53இல் ரோமானியத் தளபதி க்ராஸஸ், பாரசீகப் பக்கத்தை ஆண்ட பார்த்தியரிடம் படுதோல்வி கண்டு ஆயிரக்கணக்கான ரோமானியர் சிறைப்பட்டார்கள். அவர்கள் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு கிழவர்களாகிவிட்டார்கள், இனி அவர்களை மீட்டு என்ன ஆகப்போகிறது என்ற வாதத்துக்குத்தான் ரெகுலஸ் சாட்சிக்கு வருகிறார். கைவிடப்பட்ட கைதி, வேறு கைதிகளைக் கைவிடச் சொல்லும் கதையாகிவிட்டார்.

ரோமானியப் பேச்சாளர் சிசரோவுக்கு அவர் வேறு காரியத்துக்கு வேண்டியிருந்தது. எதிரிக்குக் கொடுத்த வாக்கும் வாக்குதான் என்று காட்ட. புனித அகஸ்தீனுக்கு இன்னொன்றுக்கு. கி.பி. 410இல் ரோம் சூறையாடப்பட்டபோது, பழைய தெய்வங்களைக் கைவிட்டதால்தான் இந்தக் கதி என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அந்தத் தெய்வங்களின் பேரால் சத்தியம் செய்து அதைக் காப்பாற்றிய ரெகுலஸை அவை காப்பாற்றினவா என்று அகஸ்தீன் திருப்பிக் கேட்டார். ஆளாளுக்கு ஒரு ரெகுலஸ்.

சாவும் ஆளாளுக்கு ஒன்று. தூங்கவிடாமல் கொன்றார்கள் என்கிறார் சிசரோ. இருட்டறையில் வைத்திருந்து திடீரென்று வெயிலில் நிறுத்தி, இமைகளை மூடவிடாமல் தைத்துவிட்டார்கள் என்று ஒருவர். இமையையே வெட்டிவிட்டார்கள் என்று இன்னொருவர். எல்லாப் பக்கமும் கூர் ஆணி அடித்த ஒடுங்கிய மரப்பெட்டிக்குள் நிற்கவைத்தார்கள், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குத்தும் என்கிறார் அகஸ்தீன். அந்தப் பெட்டி பிற்கால ஓவியர்கள் கையில் பீப்பாயானது. வதைக் கதைகளில் நமக்குத் தெரிந்த மிகப் பழையதுகூட ரெகுலஸ் பிடிபட்டு 100 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டதுதான். ஒரே சாவுக்கு இத்தனை விதமான சாட்சி வந்தால் எந்த நீதிபதியும் புருவத்தை உயர்த்துவார்.

சரி, இதுவரை சொன்னது ஓரளவு தேடினால் எல்லோருக்கும் கிடைப்பது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது டியோடோரஸ் என்ற சிசிலிக்காரர் எழுதிவைத்திருக்கும் ஒரு சம்பவம். கி.மு. முதல் நூற்றாண்டுக்காரர். அவர் நூலின் அந்தப் பகுதி துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளில் ஒன்று இது.

ரெகுலஸ் கார்த்தேஜில் இறந்துபோன சேதி ரோமுக்கு வருகிறது. சரியாகக் கவனிக்காமல் விட்டதால் இறந்தார் என்று அவர் மனைவி நம்புகிறாள். இங்கே பெட்டியும் இல்லை, ஆணியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் வீட்டுப் பொறுப்பில் இரண்டு கார்த்தேஜியக் கைதிகள் இருந்தார்கள். போடோஸ்டார் ஒருவர், ஹமில்கர் இன்னொருவர். (பின்னால் வரும் ஹானிபலின் அப்பா ஹமில்கர் அல்ல இவர், கார்த்தேஜில் தெருவுக்கு ஒரு ஹமில்கர் இருந்திருப்பார் போலிருக்கிறது.) அவள் தன் மகன்களைத் தூண்டிவிட, இருவரையும் மிகவும் ஒடுக்கமான ஓர் அறையில் அடைக்கிறார்கள். மிருகங்கள் மாதிரி உடம்பைச் சுருட்டிக்கொண்டுதான் கிடக்க முடியும். அப்புறம் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள். ஐந்து நாளில் போடோஸ்டார் செத்துப்போகிறார். ஹமில்கர் அந்த அம்மாளிடம் அழுகிறார். உங்கள் வீட்டுக்காரரை நான் எப்படியெல்லாம் கவனித்துக்கொண்டேன் தெரியுமா என்று சொல்லிச் சொல்லி மன்றாடுகிறார். அவள் மசியவில்லை. பிணத்தோடு அவரை இன்னும் ஐந்து நாள் அதே அறையில் பூட்டிவைக்கிறாள். கொஞ்சம் சாப்பாடு கொடுக்கிறாள், துயரத்தை உணரும் அளவுக்கு உயிர் இருக்கவேண்டுமே என்று. பிண நாற்றத்தில் அவருக்கும் மூச்சு அடங்கப்போகும் நேரத்தில், பொறுக்கமாட்டாமல் அந்த வீட்டு அடிமைகள் சிலர் வெளியே போய்ச் சொல்லிவிடுகிறார்கள். விஷயம் ட்ரிப்யூன்கள் என்ற ரோமானிய அதிகாரிகளிடம் போகிறது. ரோமின் பெயரையே கெடுத்துவிட்டீர்களே என்று அட்டீலியஸ் சகோதரர்களைக் கூப்பிட்டு மிரட்டுகிறார்கள். மகன்கள் பழியைத் தாய் மேல் போட்டுவிட்டு, செத்தவரை எரித்துச் சாம்பலைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறார்கள். ஹமில்கர் பிழைக்கிறார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்த்தேஜில் ஒடுங்கிய ஆணிப்பெட்டி, ரோமில் ஒடுங்கிய அறை. அட்டீலியஸ் குடும்பம் செய்ததை மூடிமறைக்கத்தான் ரெகுலஸின் வதைக் கதை கட்டப்பட்டது என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அவர்கள் அப்படிச் செய்ததால்தான் நாங்கள் இப்படிச் செய்தோம் என்பது எந்தக் காலத்திலும் எடுபடும் வாதம். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: ரெகுலஸ் இருந்தார், தோற்றார், சிறையில் செத்தார். ஆணி பெரும்பாலும் ரோமில் அடித்த ஆணி.

இனி ரோசா. வதையை ரசித்தவரா என்று கேட்கிறீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ரசித்தது வேறு ஒன்றை என்பேன்.

சால்வதோர் ரோசா 1615இல் நேப்பிள்ஸுக்குப் பக்கத்தில் அரெனெல்லாவில் பிறந்தவர். ஓவியர், அங்கதக் கவிஞர், நாடகத்தில் நடித்தவர், பாட்டும் தெரியும். வாயும் அதிகம். 1640களைப் பெரும்பாலும் ஃபிளாரன்ஸில், அந்த ஊரை ஆண்ட மெடிச்சி குடும்பத்தை அண்டிக் கழித்துவிட்டு 1649இல் ரோமுக்குத் திரும்பி, 1673இல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அவரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. கொள்ளைக்காரர்களோடு மலையில் திரிந்தார், 1647இல் நேப்பிள்ஸில் மீன்காரர் மசானியெல்லோ கிளப்பிய கலகத்தில் வாளெடுத்தார் என்று 19ஆம் நூற்றாண்டில் உருகி உருகி எழுதினார்கள். கலகம் நடந்தபோது மனிதர் ஃபிளாரன்ஸ் இருக்கும் டஸ்கனியில் இருந்தார். ஆணிப்பெட்டி கதை மாதிரியே இதுவும் கேட்க நன்றாயிருக்கிறது, அவ்வளவுதான்.

அவருடைய உண்மையான மனக்குறை ஒன்று இருந்தது. வாங்க வருகிறவர்கள் எல்லாம் அவரிடம் பாறை, ஒடிந்த மரம், கடற்கரை என்று சின்னச் சின்ன நிலக்காட்சிகளைத்தான் கேட்டார்கள். அவருக்கோ வரலாறும் தத்துவமும் வரைகிறவர் என்று பெயர் வாங்க வேண்டும். அந்தக் காலத்துக் கணக்கில் வரலாற்று ஓவியர்தான் பெரிய ஓவியர். மரம் வரைகிறவர் இரண்டாம் பந்தி. வாடிக்கையாளர் சொன்னபடி வரைந்து தருகிற ஆளும் அவர் இல்லை. மனதில் வேகம் வந்தால்தான் தூரிகையை எடுப்பேன் என்று சிசிலியின் பெரிய சேகரிப்பாளர் ஆண்டோனியோ ருஃபோவுக்கே எழுதியவர். இன்னபடி வரைந்து கொடு என்று கேட்ட ஒருவரிடம், செங்கல் சூளைக்குப் போங்கள், அங்கேதான் சொன்ன அளவுக்கு அறுத்துத் தருவார்கள் என்று சொன்னதாக ஒரு கதை. இப்படிப் பேசினால் அப்புறம் யார் ஆர்டர் கொடுப்பார்கள்? அதனால் பொதுமக்கள் பார்க்கும் கண்காட்சிகளை அவர் பெரிதும் நம்பினார். ரோமின் பழைய கோயிலான பான்தியான் முன்பக்கத்தில் மார்ச் மாதம் புனித சூசையப்பர் திருநாளுக்கு ஒன்று, சான் ஜொவான்னி தெகொல்லாத்தோ தேவாலயத்தில் ஆகஸ்ட் மாதம் ஒன்று. எச்சிங்கையும் அதே காரணத்துக்காக நம்பினார்.

ஏன் எச்சிங்? நீங்கள் ‘செதுக்கியவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எச்சிங்கில் உலோகத்தைக் கையால் செதுக்குவது கிடையாது. செம்புத் தகட்டின் மேல் அமிலம் அரிக்காத மெழுகுக் கலவையை மெல்லிசாகப் பூசி, புகை காட்டிக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். அதன் மேல் ஊசியால் கீறினால் மெழுகு விலகிச் செம்பு மினுங்கும். பேனாவால் வரைகிற அளவுக்குத்தான் அழுத்தம் வேண்டும். பிறகு அமிலம். கீறிய இடத்தை மட்டும் அது தின்னும். அதிக நேரம் விட்டால் கோடு ஆழமாகும், சீக்கிரம் எடுத்தால் மெல்லிசாக நிற்கும். மெழுகைக் கழற்றி, குழிகளில் மையை ஏற்றி, மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைக்குள் அழுத்தி எடுத்தால் படம். இடது வலது மாறித்தான் விழும். தகட்டை உளியால் உழுதெடுக்கும் வேலைக்கு வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும். எச்சிங்குக்கு வரையத் தெரிந்தால் போதும். இடையில் வேறு ஆள் கை படாது. ஒரு தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுக்கலாம், பாரிஸுக்கும் லண்டனுக்கும் சுருட்டி அனுப்பலாம். ஒரு பெரிய ஓவியம் ஒரு பிரபுவின் அரண்மனைச் சுவரோடு முடிந்துபோகும். தாள் ஊர் சுற்றும்.

ரோசா மொத்தம் 100க்கும் மேற்பட்ட எச்சிங் செய்திருக்கிறார். 1650களின் நடுவில் உள்ளங்கை அளவில் போர்வீரர்கள், நாடோடிகள் என்று 62 சின்ன உருவங்களைப் போட்டார், நன்றாக விற்றது. 1656இல் நேப்பிள்ஸைத் தாக்கிய பிளேகில் அவருடைய சின்ன மகன் ரொஸால்வோவும் ரோசாவின் கூடப்பிறந்தவர்களும் போனார்கள். 1660களின் தொடக்கத்தில்தான் பெரிய தகடுகளுக்கு வருகிறார். ரெகுலஸ் அப்படி 1662 வாக்கில் செய்தது. பத்தாண்டு முன்பு தானே வரைந்திருந்த எண்ணெய் ஓவியத்தை வைத்துச் செய்தார். அந்த ஓவியம் இப்போது அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எச்சிங் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் அகலம். திரையில் பார்க்கும்போது இந்த அளவு தெரியாது. கையில் விரித்தால் ஒரு செய்தித்தாள் பக்கத்தைவிட அகலம். வாங்கியவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இவ்வளவு பெரிய தாளை வாங்குகிறவர் லத்தீன் படித்தவர். ஹொரேஸ் பாட்டு மனப்பாடமாக இருக்கும். அவர் வாங்குவது வதையை அல்ல, வாக்குத் தவறாத மனிதரை. விருந்தாளிகளிடம் விரித்துக் காட்டி அதைப் பற்றி அரைமணி நேரம் பேசவும் வேண்டுமே. துன்பத்துக்கு அசையாமல் நிற்கச் சொல்லும் ஸ்டோயிக் தத்துவம் அன்றைய ரோமில் நாகரிகம்.

இப்போது படத்தை மறுபடி திறந்துகொள்ளுங்கள்.

நாயகன் ரெகுலஸ். ஆனால் நாயகனுக்கு ரோசா கொடுத்திருக்கும் இடம் எவ்வளவு? ஒரு பீப்பாய் அளவு. மீதி முழுக்க மற்றவர்கள். ஒழுங்காகப் பார்த்தால் அவர்களில் இரண்டு வகை தெரியும். ஒரு வகை, பீப்பாயோடு மல்லுக்கட்டுகிறவர்கள். குனிந்து, கையை ஓங்கி, ஆணியைத் தலையில் அடிக்க வேண்டுமே என்ற ஒரே கவனத்தோடு. அவர்கள் முகத்தில் வன்மம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அது வேலை செய்கிறவன் முகம். கல்யாண வீட்டில் பந்தல்கால் நடுகிறவனும் இப்படித்தான் குனிவான். இன்னொரு வகை, பார்க்கிறவர்கள். கவசம் போட்டவர்கள், அதிகாரிகள், சும்மா வந்தவர்கள். எட்டிப் பார்க்கிறார்கள், கையை நீட்டுகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள். அந்த 62 சின்ன உருவங்களின் அண்ணன் தம்பிகள் எல்லாம் இங்கே வந்து கூடிவிட்ட மாதிரி இருக்கும். ரோசா ரசித்தது இந்தக் கூட்டத்தை. ஒரு முதுகு எப்படி வளையும், ஒருவன் தோளுக்கு மேலே இன்னொருவன் எப்படி எட்டுவான் என்பதில்தான் அவருடைய ஊசி குஷியாக ஓடுகிறது. எச்சிங்கில் கோடு எங்கே வேகமாகப் போயிருக்கிறது, எங்கே நின்று நிதானித்திருக்கிறது என்பது ஒளியாது. உடைகளின் மடிப்பிலும் பாறையிலும் மர இலையிலும் அது சரசரவென்று போகும்.

அவருக்குத் தூக்கிப்பிடிக்க வேண்டியிருந்தது ரெகுலஸின் நெஞ்சுரம். அதில் சந்தேகமில்லை. கை என்னவோ கொலையாட்கள் பக்கம் போய்விட்டது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, படத்தின் பலமே அங்கேதான். ஆணி மரத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது, உடம்புக்கு இன்னும் வரவில்லை. இரத்தம் வழிந்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். இங்கே திருப்பிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அடுத்தது என்ன என்று நமக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். நீங்கள் தூங்காமல் கிடந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். நாமும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாக நிற்கிறோம், கையில் சுத்தியல் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இதே கதையை வேறு ஓவியர்கள் எப்படி எடுத்தார்கள் என்பதையும் பார்த்தால் ரோசா எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது தெளிவாகும். பெஞ்சமின் வெஸ்ட் 1769இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜுக்காக வரைந்தபோது, ரெகுலஸ் ரோமைவிட்டுக் கிளம்பும் காட்சியை எடுத்துக்கொண்டார். மனைவி மக்கள் அழ, தூண்களின் நடுவே கம்பீரமாக ஒரு விடைபெறல். அரசருக்குப் பிடித்திருக்கும், எனக்குக் கொட்டாவி வரும். ஆங்கில ஓவியர் டர்னர் 1828இல் ரோமில் வைத்து வரைந்து 1837இல் திருத்திய ‘ரெகுலஸ்’ முற்றிலும் வேறு. அவர் எடுத்துக்கொண்டது இமையில்லாத கண்ணின் கதையை. துறைமுகம் முழுக்க வெள்ளை வெயில், எதுவும் சரியாகத் தெரியாது. ரெகுலஸைத் தேடினாலும் சுலபத்தில் கிடைக்கமாட்டார், ஏனென்றால் அந்த வெயிலில் கூசிப்போய் நிற்கும் நாம்தான் ரெகுலஸ் என்று பலர் விளக்குகிறார்கள். 1863இல் ஒரு ஆள் அந்தப் படத்தைக் கத்தியால் கிழித்துவிட்டார்; ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்கள். டர்னர் நம்மை வதைபடுகிறவர் இடத்தில் நிறுத்துகிறார். ரோசா பார்க்கிறவர்கள் நடுவே நிறுத்துகிறார். எனக்கு ரோசா செய்தது இன்னும் நேர்மையாகப் படுகிறது. வரலாற்றில் பெரும்பாலும் நாம் அங்கேதான் நின்றிருக்கிறோம்.

ரோசா ஏறக்குறைய இதே அளவில், இதே காலத்தில் செய்த இன்னொரு தகடு உண்டு: ‘பொலிக்ராட்டஸ் சிலுவையில்’. சாமோஸ் தீவின் சர்வாதிகாரி. தொட்டதெல்லாம் பொன்னாக இருந்த ஆள் கடைசியில் பாரசீக ஆளுநரிடம் மாட்டிக்கொண்டு செத்த கதையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்வார். அதிலும் ஒரு சாவு, அதைச் சுற்றிப் பெரிய கூட்டம். வழக்கமாக இரண்டையும் இணைத்துப் பேசுகிறவர்கள், இவர் நல்லவர், அவர் அதிர்ஷ்டசாலி, சாவு இருவருக்கும் ஒன்றுதான் என்பார்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறேன். பொலிபியஸ் காட்டும் ரெகுலஸ் பொலிக்ராட்டஸுக்குச் சொந்தக்காரர் போலத்தான் இருக்கிறார். உச்சியில் இருந்தபோது இரக்கம் காட்டாமல், சறுக்கியபோது இரக்கம் தேடியவர். தியாகி ரெகுலஸ் பிற்பாடு வந்தவர். ரோசா தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, இரண்டு தாளையும் அடுத்தடுத்து வைத்தால் பழைய ரெகுலஸ் கொஞ்சம் எட்டிப்பார்க்கிறார்.

எனக்கு இந்தப் படத்தில் ஒரே ஒரு வருத்தம்தான், அதுவும் ரோசாமேல் மட்டும் அல்ல. ரெகுலஸை வரைய இத்தனை பேர் வந்தார்கள். பிணத்தோடு பூட்டப்பட்ட ஹமில்கரை, வெளியே ஓடிப்போய்ச் சொன்ன அந்த வீட்டு அடிமைகளை வரைந்து ஒரு தாளும் என் கண்ணில் பட்டதில்லை. கார்த்தேஜியர் எழுதிய வரலாறும் நம் கைக்கு வரவில்லை. கி.மு. 146இல் ரோமானியர் அந்த ஊரையே அழித்துவிட்டார்கள். கொடூரமான கார்த்தேஜியன் என்று பாடம் எழுதியது யார் என்று கேட்டால் பதில் ரோமில்தான் கிடைக்கும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஒன்பது, பத்தாம் வகுப்பு என்றால் தாராளமாகக் காட்டுங்கள். இதைவிடப் பச்சையானதை அவர்கள் தினமும் கைப்பேசியில் பார்க்கிறார்கள், யாரும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவதில்லை. ஆறாம் வகுப்புக்கு வேண்டாம். அவர்களுக்குப் பீப்பாய் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும் இந்த எச்சிங்கின் பிரதிகள் இருக்கின்றன. அவர்களுடைய தளத்தில் கிடைக்கும் பெரிய அளவுப் படத்தை இறக்கிக்கொள்ளுங்கள். தலைப்பைச் சொல்லாமல் முதலில் ஓரத்தில் நிற்கும் ஆட்களை மட்டும் பெரிதாக்கிக் காட்டி, இவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கேளுங்கள். திருவிழா என்பான் ஒருவன், சண்டை என்பாள் ஒருத்தி. அப்புறம் முழுப் படம். ரெகுலஸ் கதையைச் சொன்ன அதே வகுப்பில் டியோடோரஸ் சொன்னதையும் சொல்லிவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம், ஒருநாள் இடைவெளியில் முதல் கதை கெட்டியாகிவிடும். பிள்ளைகள் இரண்டில் எது உண்மை என்று கேட்டால், யார் எப்போது எழுதியது என்று கரும்பலகையில் வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பொலிபியஸில் தொடங்கி அகஸ்தீன் வரை. ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் வரும்.

பெற்றோர் யாராவது சண்டைக்கு வந்தால் அவர்களையும் உட்காரவைத்துப் படத்தைக் காட்டுங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அதையும் இங்கே போடுகிறேன்.

அன்புடன்